மாட்டுக்கு காது டேக் வாங்கப் போறீங்களா? வில்லைய விடுங்க, ஆணிய பாருங்க

போன வருசம் பங்குனில ஒருநா சாயங்காலம், கொறங்காட்டுல, அதாவது வேலி போட்ட மேய்ச்சக் காட்டுல, இருந்து மாடெல்லாம் திரும்பி வருது, எங்க மயிலக் கெடேரி மட்டும் தலைய ஒரு பக்கமா சாச்சுக்கிட்டே வருது. கிட்டப் போய் பாத்தா வலது காது நுனி வரைக்கும் ரெண்டா கிழிஞ்சு ரத்தம் காஞ்சு போய் ஈ மொச்சுக்கிட்டு கெடக்கு, டேக்க காணோம். மறுநா காலைல கிளுவ வேலி ஓரமாவே நடந்து தேடுனேன். ஒரு முள்ளுக் கெளைல மஞ்ச கலர்ல தொங்குது, கோயில் நோம்பிக்கு தோரணம் கட்டுன மாதிரி. அன்னிக்கு அந்த வேலில அது மட்டும் இல்லீங்க, பழைய டேக் இன்னும் ரெண்டு கெடைச்சுது.

மூணையும் வீட்டுக்கு கொண்டாந்து கழுவி திண்ணைல வெச்சு பாத்தா ஒரு விசயம் தெரிஞ்சுது. மூணுலயும் வில்லை, அதாவது நம்பர் எழுதுன தகடு, ஒரு கீறல் கூட இல்லாம புதுசு மாதிரி இருக்கு. ஒண்ணு ஆணியோட, அதாவது காத தொளச்சுட்டுப் போற குச்சியோட, கழுத்துல ஒடிஞ்சிருக்கு, இன்னொண்ணு பூட்டுல இருந்து ஆணி தலை உருவிக்கிட்டு வந்திருக்கு, மூணாவது, நம்ம மயிலயோடது, டேக் முழுசா பூட்டுன பூட்டாவே இருக்கு, காது தான் கிழிஞ்சிருக்கு. நான் வாங்கும்போது என்ன பாத்து வாங்குனேன்? வில்லை பெருசா இருக்கா, கலர் பளிச்சுனு இருக்கா, நம்பர் தூரத்துல இருந்து தெரியுதா, அவ்ளோதான். மொத்தம் 22 உருப்படிக்கு அடிச்சேன், ஒரு வருசத்துல 8 போச்சு. அதுக்கப்பறம் தான் இத கொஞ்சம் ஒழுங்கா கத்துக்கிட்டேன், அத தான் இங்க எழுதறேன்.

மொதல்ல ஒண்ண பிரிச்சுக்கலாம். கவர்மெண்ட் டேக் வேற, நாம வாங்கி போடறது வேற. 12 நம்பரும் பார்கோடும் இருக்கற சின்ன மஞ்ச வில்லை, கோமாரி ஊசி போட வரும்போது அடிச்சு விடுவாங்களே அது, மாட்டோட ஆதார் மாதிரி. 2019 செப்டம்பர்ல கோமாரி, கருச்சிதைவு நோய் ரெண்டையும் ஒழிக்கறதுக்குன்னு தேசிய திட்டம் ஆரம்பிச்ச பொறவு தான் நம்ம பக்கம் ஊருக்கு ஊரு இது வேகமா வந்துச்சு. அதுல நாம தேர்ந்தெடுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, ஊசி போட்டது, சினை ஊசி, கன்னு போட்டது எல்லாம் அந்த நம்பர்ல தான் கம்ப்யூட்டர்ல ஏறும். அழகா இல்லைன்னு கழட்டி போடற ஆளுங்கள பாத்திருக்கேன், தயவுசெஞ்சு அத பண்ணாதீங்க. நீங்க வாங்கற டேக் பண்ணைக்குள்ள நம்ம வசதிக்கு, எந்த மாடு எவ்ளோ கறக்குது, எது எப்ப சினை புடிச்சுதுன்னு தூரத்துல இருந்தே பாத்து சொல்றதுக்கு. அது எப்பவும் இன்னொரு காதுல. ஒரே காதுல ரெண்டு டேக் தொங்க விட்டா ஒண்ணோட ஒண்ணு உரசி ரெண்டு புண்ணும் ஆறாது.

நாலு மாடு வெச்சிருக்கறவங்களுக்கு ரெண்டாவது டேக்கே தேவையில்ல, பேர் சொல்லி கூப்ட்டா வந்துரும். பத்து பதினஞ்சுக்கு மேல போனா, அதுவும் எல்லாம் ஒரே கலர் எச்செஃப் கிராஸா, அதாவது சீமைக் கலப்பு மாடா, இருந்தா, அப்ப வாங்குங்க.

சரி, வாங்கறப்ப என்ன பாக்கணும். டேக்னா ரெண்டு துண்டு. ஆண் துண்டுல ஆணி இருக்கும், பெண் துண்டுல ஓட்டை, அதுக்குள்ள பூட்டு. காதோட பின்பக்கத்துல இருந்து ஆணி நொழஞ்சு முன்னாடி இருக்கற பெண் துண்டுல போய் மாட்டிக்கும், ஒருதரம் மாட்டுனா கழண்டு வரக்கூடாது, அறுத்து தான் எடுக்கணும். கையில கெடைச்சதும் வில்லைய பாக்காம நேரா ஆணிய பாருங்க. நுனில உலோக முனை இருக்கா, முழு பிளாஸ்டிக்கா? உலோக முனை இருந்தா காத சுத்தமா ஓட்ட போட்டுட்டு போகும். வெறும் பிளாஸ்டிக் முனை மழுங்கலா இருந்தா சதைய நசுக்கி கிழிச்சுட்டு தான் போகும், அந்த புண்ணு ஆற ரெண்டு மடங்கு நாளாகுது, எங்க மாட்டுல பாத்தது. அடுத்து ஆணியோட கழுத்து, அதாவது ஆணி வில்லையோட சேர்ற எடம். அங்க தான் ஒடியும். கட்டைவிரல வெச்சு இந்தப்பக்கம் அந்தப்பக்கம் ஒரு பத்து தடவ வளைங்க, நல்ல டேக்னா ரப்பர் மாதிரி வளஞ்சு நேராயிரும், மட்டமானதுன்னா வளஞ்ச எடத்துல வெள்ளையா ஒரு கோடு விழும். வெள்ளை கோடு விழுந்தா கீழ வெச்சுட்டு வந்துருங்க.

பூட்டு பாக்கறதுக்கு ஒரு டேக்க வீணாக்கித்தான் ஆகணும். சாம்பிளுக்கு ரெண்டு வாங்குங்க, கடைல குடுக்க மாட்டேன்னா காசு குடுத்தே வாங்குங்க. கடைக்காரரு "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்ணா, தைரியமா எடுத்துட்டுப் போங்க"ன்னு தான் சொல்வாரு, எனக்கும் அப்படித்தான் சொன்னாரு. பழைய செருப்பு தோல் ஒரு துண்டு, இல்லீனா சாக்கு நாலா மடிச்சு நடுவுல வெச்சு, டேக் அடிக்கற மெசின்ல அமுக்கி பூட்டுங்க. பொறவு ரெண்டு கையாலயும் முழு பலத்த போட்டு இழுங்க. வரக்கூடாது. அதே சமயம் வில்லைய சுத்துனா லேசா சுத்தணும், இது ரொம்ப முக்கியம். சுத்தாத டேக் காதுல ஒட்டிக்கிட்டு காத்து போகாம அடில ஈரம் கட்டி சீழ் புடிக்கும். ரெண்டு துண்டுக்கும் நடுவுல காது தடிமனுக்கு மேல கொஞ்சம் எடம் மிச்சம் இருக்கணும். ஆணி குட்டையா இருந்தா காது வீங்கும்போது ரெண்டு பக்கமும் சாண்ட்விச் மாதிரி அமுத்தும். நீளமா இருந்தா எடைவெளி எச்சாகி அதுக்குள்ள முள்ளு, கயிறு எல்லாம் நொழையும்.

பிளாஸ்டிக் விசயம். நல்ல டேக் எல்லாம் டிபியுன்னு சொல்ற பாலியூரித்தேன்ல வருது, வளையும், வெயில் தாங்கும், தொட்டா செருப்பு அடி மாதிரி ஒரு பிடிப்பு இருக்கும். பிவிசில செஞ்சது புதுசுல இதே மாதிரி தான் மெத்துனு இருக்கும், அங்க தான் ஏமாறுவோம். பிவிசிய மெத்துனு ஆக்கறதுக்கு சேக்கற சரக்கு வெயில்ல கொஞ்சம் கொஞ்சமா வெளியேறிரும், ரெண்டு கோடைக்கப்பறம் அப்பளம் மாதிரி பொடுக்குனு ஒடியும். தொட்டு பாத்து கண்டுபிடிக்கறது கஷ்டம், அதனால பாக்கெட்ல என்ன போட்டிருக்குன்னு பாருங்க, ஒண்ணுமே போடலீனா சந்தேகப்படுங்க. அவசரம் இல்லீனா சாம்பிள் ஒண்ண தகர சீட்டு மேல கம்பில கட்டி சித்திரை வைகாசி ரெண்டு மாசம் போட்டு வெச்சு பொறவு மடக்கி பாக்கலாம். நான் அப்படித்தான் பண்ணேன், மூணு கம்பெனில ஒண்ணு அப்பவே வெளுத்து போச்சு.

வில்லை சைஸு. இத உங்க மாடு எங்க மேயுதுன்னு பாத்து தான் முடிவு பண்ணணும். தாராபுரம் காங்கேயம் பக்கம் கொறங்காட்டுல மேயற மாட்டுக்கு சுத்திலும் கிளுவ வேலி, உள்ள வெள்வேல மரம், மாடு வேலிக்குள்ள தலைய விட்டு புல்ல கடிக்கும், மரத்துல கழுத்த தேய்க்கும். அதுல காங்கேயம் மாட்டுக்கு காது சின்னது, நட்டுக்குத்தலா கூர்மையா இருக்கும். அந்த காதுல கை அகலத்துக்கு கொடி மாதிரி வில்லைய தொங்க விட்டா என்னாகும்? நான் பண்ணது அதே தப்பு தான். டேக் ஒடஞ்சாலாவது பரவால்ல, ஒடையாத டேக்கா இருந்தா காது கிழியும், மயிலைக்கு ஆனது அதுதான். இந்த மாதிரி எடத்துக்கு பொத்தான் மாதிரி வட்டமா சின்னதா வர்ற டேக் தான் சரி. நம்பர் தூரத்துல தெரியாது, உண்மதான், ஆனா காதுலயே இல்லாத டேக்கும் தான் தெரியாது. இப்ப நான் பொத்தான்லயே கலர் மாத்தி போடறேன், கறவைக்கு ஒரு கலர், கெடேரிக்கு ஒண்ணு, தூரத்துக்கு அது போதும்.

கட்டுத்தறிலயே வெச்சு தீவனம் போடற கிராஸ் மாடுகளுக்கு பெரிய வில்லை போடலாம், காதும் அகலமா இருக்கும், பால் கறக்கற ஆளு பின்னாடி இருந்தே நம்பர படிக்கலாம். அங்க பாக்க வேண்டியது வேற. தீவனத் தொட்டிக்கு முன்னாடி கம்பி வலையோ கட்டமோ இருந்தா அதுல டேக் மாட்டும், தலைக்கயிறு பெருசா தொளதொளன்னு இருந்தா அதுக்குள்ள பூந்துக்கும். ஒருதரம் உக்காந்து மாடு தீவனம் திங்கறத அரை மணி நேரம் வேடிக்க பாருங்க, காது எங்கெங்க போகுது வருதுன்னு தெரிஞ்சுரும். வில்லைல மூலை எல்லாம் மழுங்கலா உருண்டையா இருக்கணும், கூர் மூலை இருந்தா வேண்டாம். கன்னுக்குட்டிங்க இன்னொரு கொடுமை, பால் மறக்கடிச்சு ஒண்ணா அடச்சு வெச்சா ஒண்ணோட காத ஒண்ணு சப்பும், டேக்க மென்னு மென்னே எழுத்த அழிச்சுரும்.

எழுத்துன்னதும் ஞாபகம் வருது. நம்பர் எப்படி போட்டிருக்கு? லேசர்ல போட்டதுன்னா பிளாஸ்டிக்கே கருத்து எழுத்தா இருக்கும், தேய்ச்சா போகாது. மேல மை வெச்சு அச்சடிச்சது சாணி, மூத்திரம், வெயில் மூணும் சேந்து அழிச்சுரும். துணில கொஞ்சம் பெட்ரோல் இல்லீனா சானிடைசர் நனச்சு நம்பர் மேல அழுத்தி தேய்ங்க, துணி கருப்பானா வாங்காதீங்க. வெறும் டேக் வாங்கி நாமளே எழுதறதா இருந்தா சாதா மார்க்கர் வேலைக்கு ஆகாது, டேக்குக்குன்னே பேனா விக்குது, மை உள்ள ஊறும், எழுதிட்டு ஒருநா பூரா காய விட்டு அடுத்தநா தான் அடிக்கணும். மஞ்ச மேல கருப்பு தான் கண்ணுக்கு நல்லா தெரியுது, நீலத்துல கருப்பு எழுதி நான் பட்ட பாடு போதும்.

மெசின், அப்ளிகேட்டர்னு சொல்றாங்களே, அத டேக் வாங்கற கம்பெனியோடதே வாங்கிருங்க. பக்கத்து தோட்டத்துல இரவல் வாங்கி அடிக்கறது தான் நம்ம வழக்கம், ஆனா ஒரு கம்பெனி மெசினோட ஊசி இன்னொரு கம்பெனி ஆணிக்குள்ள சரியா ஒக்காராது, கோணலா போய் பூட்டும், பாதி பூட்டு. வாங்குனதும் டேக்க மாட்டி மெதுவா மூடி பாருங்க, ஆணி முனை ஓட்டைக்கு நேரா நடுவுல வருதான்னு. ஓரத்துல இடிச்சா மெசின் ஊசி வளஞ்சிருக்குன்னு அர்த்தம். இன்னொண்ணு, ஒரு மாட்டுக்கு அடிச்சுட்டு அப்படியே அடுத்த மாட்டுக்கு போகாதீங்க, ரத்தத்துல பரவற சீக்கு எல்லாம் அந்த ஊசி வழியா போகும், ஒவ்வொரு தடவையும் கிருமிநாசினி தண்ணில முக்கி எடுங்க. டேக்கையும் தான்.

எவ்ளோ நல்ல டேக்கா இருந்தாலும் எடம் தப்பா அடிச்சா போச்சு. காத விரிச்சு வெயிலுக்கு நேரா புடிச்சு பாருங்க, சதை செவசெவன்னு தெரியும், அதுல ரத்தக்கொழாய் கருப்பா கிளை விட்டு ஓடும், விரல வெச்சு தடவுனா குருத்தெலும்பு ரெண்டு வரப்பு மாதிரி தட்டுப்படும். அந்த ரெண்டு வரப்புக்கும் நடுவுல, நுனிக்கும் அடிக்கும் மத்தில, அதுதான் எடம். நுனிகிட்ட அடிச்சா அங்க சதை மெல்லிசு, சீக்கிரம் கிழியும், அடிகிட்ட அடிச்சா தடிச்ச எடம், டேக் இறுக்கும். குருத்தெலும்பு மேலயே குத்துனா வீங்கும், ரத்தக்கொழாய்ல குத்துனா சொல்லவே வேண்டாம். டெல்டா பக்கம் உம்பளாச்சேரி மாட்டுக்கு காத எல மாதிரி வெட்டி விடற வழக்கம் இருக்கு, அந்த மாதிரி வெட்டுன காதுல எடமே கம்மி, சின்ன பொத்தான தவிர எதயும் யோசிக்காதீங்க.

மாட்ட மரத்தோட சேத்து கட்டி, ஒரு ஆளு மூக்கணாங்கயித்த இறுக்கி புடிச்சுக்கணும், தலை ஆடக்கூடாது. காத போவிடோன் அயோடின்ல தொடச்சுட்டு, மெசின வெச்சு ஒரே அமுக்கு, சடக்குனு சத்தம் வரும், ஒடனே கைய விட்டுருங்க. பயந்துக்கிட்டு மெதுவா அமுக்குனா மாடு பாதில தலைய இழுக்கும், காது அங்கயே கிழியும். அடிச்சதும் முன்பக்கம் பாருங்க, ஆணி முனை பூட்டத் தாண்டி முழுசா வந்திருக்கணும். வில்லைய ஒரு சுத்து சுத்தி விடுங்க, அவ்ளோதான். தை மாசி தான் இதுக்கு நல்ல காலம், ஐப்பசி கார்த்திகை மழைல அடிச்சா ஈ முட்டை வெச்சு புழு வந்துரும். எப்ப அடிச்சாலும் பத்து நாள் தெனமும் காத பாத்தே ஆகணும், ஈ அண்டாம வேப்பெண்ணெய் தடவுங்க. வீங்கி சூடா இருந்தா, நாத்தம் அடிச்சா, மாடு காத ஆட்டிக்கிட்டே இருந்தா நீங்களா எதையும் நோண்டாம டாக்டர கூப்புடுங்க. நம்ம ஊர்ல 1962க்கு அடிச்சா கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

கன்னுக்கு பொறந்த ஒடனே பெரிய டேக் போடாதீங்க. காது வளரும்போது டேக் இருக்கற எடமும் நகரும், தடிமனும் ஏறும். அவசரம் இல்லீனா ரெண்டு மூணு மாசம் போகட்டும், அதுவரைக்கும் கழுத்துல கயிறுல ஒரு பட்டை கட்டி நம்பர் எழுதி விட்டா போதும். எருமைக்கு, தண்ணிலயும் சேத்துலயும் கெடக்கற உருப்படி, புண்ணு ஆறுற வரைக்கும் குட்டைக்கு விடாதீங்க, அது கத்தும், கத்தட்டும்.

சிப் வெச்ச டேக் இப்ப நெறைய பேரு கேக்கறாங்க. உள்ள 134.2 கிலோஹெர்ட்ஸ்ல பேசற சின்ன சிப், ரீடர கிட்ட கொண்டு போனா நம்பர் வரும். பால் கறக்கற எடத்துல மெசினே மாட்ட அடையாளம் கண்டு கணக்கு வெக்கற பெரிய பண்ணைக்கு சரி. ரீடர் இல்லாம டேக் மட்டும் வாங்குனா அது வெல கூடுன பொத்தான், வேற ஒண்ணும் இல்ல. அதுலயும் ஆணி, பூட்டு பாக்கற வேல அதே தான், சிப் இருக்குன்னு பூட்டு பலமாயிராது.

இன்சூரன்ஸ் போட்டிருக்கறவங்களுக்கு ஒண்ணு. பாலிசில எந்த நம்பர் இருக்கோ அந்த டேக் காதுல இருக்கணும், இல்லீனா பணம் இல்ல. எங்க பங்காளி ஒருத்தரோட கறவை செத்தப்ப காதுல டேக் இல்ல, விழுந்து மூணு மாசம் ஆச்சு, "அப்பறம் பாத்துக்கலாம்"னு விட்டுட்டாரு, ஒரு ரூவா வரல. இன்சூரன்ஸ் டேக், கவர்மெண்ட் டேக் எது விழுந்தாலும் அன்னிக்கே கால்நடை ஆஸ்பத்திரில சொல்லுங்க, இன்சூரன்ஸ் ஆபீஸ்லயும் எழுதி குடுத்து கையெழுத்து வாங்கிக்கங்க, புது டேக் அடிச்சா புது நம்பர் பாலிசிலயும் ஏறணும், கம்ப்யூட்டர்ல பழைய நம்பரோட சேத்தும் மாத்தணும். அதுக்கு பழைய நம்பர் தெரியணுமே. டேக் நல்லா இருக்கும்போதே மாட்டு மொகமும் நம்பரும் ஒண்ணா தெரியற மாதிரி போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கங்க, பால் சொசைட்டி புக்குல பின்பக்கம் எழுதி வெச்சாலும் சரி.

மயிலைக்கு காது ஆறிருச்சு, ஆனா பொளந்தது பொளந்தது தான், ரெண்டு நுனியா நிக்குது. எடது காதுல கவர்மெண்ட் டேக் இருக்கு, இந்த காதுல இனி எதுவும் இல்ல. பொளந்த காது வெச்சே அத ஒரு மைல் தூரத்துல இருந்து கண்டுபிடிச்சுருவேன்.